சிறிய அணு உலைகள்: பயமும் வேண்டாம், பக்தியும் வேண்டாம்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இந்த வாசகசாலைத் தோழர்கள் நம்மிடம் வந்து, "அணு உலைகளில் சிறிய ரகம் ஒன்று வரப்போகிறதாம், அதைத் தண்ணீரால் குளிர்விக்காமல் வாயுவால் குளிர்விக்கிறார்களாம், அது உருகாது, வெடிக்காது என்கிறார்கள். இதில் நிஜம் எவ்வளவு, புளுகு எவ்வளவு?" என்று கேட்டார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். நாம் கல்லூரி வாசற்படி மிதித்தவரல்ல. பதினேழு வயதில் ஒரு நெல் அரவை மில்லில் பாய்லருக்கு உமி தள்ளும் வேலைக்குப் போனோம். விஞ்ஞானம் என்று நமக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அடுப்பு வாயில் கற்றதும், பிறகு இரவல் புத்தகங்களை இராக்காலத்தில் வைத்துக்கொண்டு மல்லாடிப் படித்ததுமேயாகும். ஆதலால் நாம் சொல்வதில் உங்கள் அறிவுக்கு ஒத்ததை எடுத்துக்கொண்டு, ஒவ்வாததை இங்கேயே தள்ளிவிட்டுப் போகலாம். அதனால் நமக்கு வருத்தமில்லை.

அணு உலை என்றதும் நம் ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சியார் அணு என்ற சொல்லைக் கேட்டவுடனேயே நடுங்குகிறார்கள். எந்த உலை, எப்படி வேலை செய்கிறது, எங்கே பழுதாயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். மற்றொரு கட்சியார், "விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள், கம்பெனிக்காரர் படம் போட்டுக் காட்டிவிட்டார், இனிப் பேச்சென்ன?" என்று கைகூப்பி நிற்கிறார்கள். முந்தினது பயம், பிந்தினது பக்தி. இரண்டும் பாராமலே முடிவு கட்டுகிற காரியந்தான். நாமோ சந்தையில் ஒரு மண்சட்டி வாங்கப் போனாலும் நாலு பக்கம் திருப்பிப் பார்த்து, விரலால் தட்டிப் பார்த்து, ஓசை சரியாக இருந்தால்தான் காசை அவிழ்க்கிறோம். சட்டிக்குச் செய்கிற சோதனையை உலைக்குச் செய்யக்கூடாதா? இன்று அந்த உலையைத் தட்டிப் பார்ப்போம் வாருங்கள்.

அணைத்த அடுப்பிலும் கங்கு உண்டு

அணு உலை என்பது பெரிய மாயமல்ல. அதுவும் ஒரு பாய்லர்தான். நம் மில்லில் உமி எரிந்தது. அங்கே யுரேனியத்தின் அணு பிளக்கிறது. ஓர் அணு பிளக்கும்போது உஷ்ணமும், கூடவே நியூட்ரான் என்ற இரண்டு மூன்று துகள்களும் வெளிப்படுகின்றன. அந்தத் துகள்கள் அடுத்த அணுக்களைப் பிளக்கின்றன. இப்படித் தொடர்ந்து எழும் உஷ்ணத்தை ஏதேனும் ஒரு பொருள் சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். அந்த உஷ்ணத்தால் ஆவி உண்டாக்கி, ஆவியால் டர்பைனைச் சுற்றி, மின்சாரம் எடுக்கிறார்கள். கூடங்குளத்தில் சாதாரணத் தண்ணீரும், கல்பாக்கத்து மின் நிலையத்தில் கனநீர் என்ற விசேஷத் தண்ணீரும் இந்தச் சுமை தூக்கும் வேலையைச் செய்கின்றன. நாம் இன்று பேசுகிற உலையில் ஒரு வாயு அந்த வேலையைச் செய்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஏனென்று கேட்பீர்கள். நம் மில்லில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஆவி போதவில்லை என்று மேஸ்திரி, பாய்லரின் சேஃப்டி வால்வு திறக்காதபடி அதன் கையில் ஓர் இரும்புத் துண்டைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். ஒருநாள் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கிவிட்டது. உமி தள்ளுவதை உடனே நிறுத்தினோம். நிறுத்தினால் என்ன? அடுப்பு நிறையக் கங்கு கிடக்கிறதே! ஆவி ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஒரு குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டது. நம்மோடு வேலை செய்த தோழர் ஒருவருக்கு மார்பும் வலக்கையும் வெந்துபோயின. அந்தப் பாய்லருக்கு ஆயுத பூஜைக்குத் தவறாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தவர்கள், வால்வை ஒருநாளும் கழற்றிப் பார்த்தவர்களல்ல. முதலாளி, "அவன் தலையெழுத்து" என்றார். தலையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வால்வில் இரும்புத் துண்டு கட்டியிருந்தது. அன்று முதல் "பாதுகாப்பு" என்ற சொல்லை நாம் லேசாகப் பேசுவதில்லை.

அணு உலையிலும் இதே கங்கு உண்டு. கட்டுப்படுத்தும் கோல்களை உள்ளே இறக்கி அணுப் பிளவை நிறுத்திவிடலாம். ஆனால் பிளந்துபோன துண்டுகள் தாமே கதிர் வீசி உஷ்ணம் தந்துகொண்டே இருக்கின்றன. நிறுத்திய கணத்தில் முழு உஷ்ணத்தில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு மிச்சமிருக்கும். ஒரு மணி நேரம் கழித்தும் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கும். நூற்றுக்கு ஒன்றுதானே என்று அலட்சியம் செய்யாதீர்கள். கூடங்குளத்தில் உள்ளவை போன்ற, 1000 மெகாவாட் மின்சாரம் தரும் ஓர் உலையில் எழும் உஷ்ணம் 3000 மெகாவாட். அதில் நூற்றில் ஒரு பங்கு என்றால் 30 மெகாவாட். அவ்வளவு சூட்டையும் யாராவது, எப்படியாவது, இரவு பகலாக வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2011 மார்ச் 11-ந் தேதி ஜப்பானில் புகுஷிமாவில் நடந்தது இதுதான். பூகம்பம் வந்தவுடன் ஓடிக்கொண்டிருந்த உலைகள் முறைப்படியே நின்றன. பிறகு வந்த கடலலை டீசல் யந்திரங்களை மூழ்கடித்தது. தண்ணீர் இறைக்க மின்சாரமில்லை. கங்கு தன் வேலையைச் செய்தது. மூன்று உலைகளின் உள்ளிருந்த எரிபொருள் உருகியது. அணைக்கத் தெரியாமல் அந்த விபத்து வரவில்லை. அணைத்த பிறகு குளிர்விக்க முடியாமல் வந்தது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய வாயு உலையின் நியாயம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குப் பதிலாகப் பிறந்ததுதான்.

எந்த வாயு?

வாயுவால் குளிர்விப்பது புதிய சங்கதியல்ல. இங்கிலாந்தில் கால்டர் ஹால் என்ற இடத்தில் 1956 அக்டோபரில் எலிசபெத் ராணி திறந்து வைத்த அணு மின் நிலையம் கரியமில வாயுவால் குளிர்விக்கப்பட்டது. ஊருக்கு மின்சாரம் என்று பேர். ஆனால் அணுகுண்டுக்கு வேண்டிய புளூட்டோனியம் எடுப்பதே அதற்கு ஆரம்பத்தில் முக்கிய வேலை. எது எப்படியிருந்தாலும் அது 2003 வரை, 47 வருஷம் ஓடியது.

அதற்கு அடுத்தாற்போலவே விண்ட்ஸ்கேலில் வேறோர் உலை இருந்தது. அது குண்டுக்காகவே கட்டப்பட்டது. அதைக் குளிர்விக்க வெளிக்காற்றையே ஊதி, புகைபோக்கி வழியாக விட்டார்கள். 1957 அக்டோபரில் அதற்குள் தீப்பற்றிக்கொண்டது. கதிரியக்கம் காற்றில் பரவியது. சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய 500 சதுர கிலோமீட்டர் பரப்பிலுள்ள பண்ணைகளின் பாலைக் கொட்டிவிட நேர்ந்தது. ஆகவே "வாயு உலை" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த வாயு, அடைத்துச் சுற்றுகிற வாயுவா, திறந்துவிடுகிற வாயுவா என்று கேட்க வேண்டும்.

இப்பொழுது புதிய உலைகளுக்குப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளுவது ஹீலியம். இந்த ஹீலியத்துக்கும் நம் நாட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1868 ஆகஸ்டு 18-ந் தேதி முழுச் சூரிய கிரகணம். ராகு விழுங்குகிறான் என்று ஜனங்கள் தலைமுழுகிக்கொண்டிருந்த அதே வேளையில், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில் பிரெஞ்சுக்காரரான ஜான்சென் என்பவரும், மசூலிப்பட்டணத்தில் சென்னை வானாராய்ச்சி நிலையத்துப் போக்சன் என்பவரும் சூரியனின் விளிம்பு ஒளியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிரகணத்தில் புதிதான ஒரு மஞ்சள் கோடு கண்ணுக்குப் பட்டது. இங்கிலாந்தில் லாக்யர் என்பவர் அதே வருஷம் அக்டோபரில் அதை மறுபடி பார்த்து, இது பூமியில் தெரியாத ஒரு பொருளின் அடையாளம் என்று கருதினார். சூரியனுக்குக் கிரேக்கப் பாஷையில் உள்ள பேரைக்கொண்டு அதற்கு ஹீலியம் என்று பேரிட்டார்கள். 1895-ல் ராம்சே என்பவர் அதைப் பூமியிலேயே கண்டுபிடித்தார். ஒரே கிரகணந்தான், பார்த்தவர்களுக்கு ஒரு புதுப்பொருள் கிடைத்தது, பாராமல் பயந்தவர்களுக்கு ஈரத்துணி மிஞ்சியது.

ஹீலியம் எரியாது. துருப்பிடிக்க வைக்காது. எதனோடும் சேராது. உலையின் சூட்டில் அது கொதித்து மாறுவதென்பதே இல்லை. அது ஏற்கெனவே வாயு. ஆகவே தண்ணீர் ஆவியாகி அமுக்கம் ஏறிக் கலம் வெடிக்கும் என்ற பயத்துக்கு அந்தச் சுற்றில் இடமில்லை. ஆனால் குறையும் உண்டு. அது மெல்லிய வாயு. மிகச் சிறிய சந்து கிடைத்தாலும் நழுவிவிடும். உஷ்ணத்தைப் போதிய அளவு சுமக்கவேண்டுமானால் அதைக் காற்றின் அமுக்கத்தைப் போல் ஏறக்குறைய எழுபது மடங்கு அமுக்கி அடைக்க வேண்டியிருக்கிறது.

குதிரும் உருண்டையும்

இனி எரிபொருளைப் பாருங்கள். யுரேனியத்தை அரை மில்லிமீட்டர் மணிகளாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு மணியின்மேலும் நாலு உறை பூசுகிறார்கள். மூன்று உறை கரி. நடுவே ஓர் உறை சிலிக்கன் கார்பைடு என்ற, சாணைக்கல்லுக்கு உதவும் கெட்டிப் பொருள். உறைகளோடு சேர்ந்தும் அந்த மணி ஒரு கசகசா அளவுதான். பிளந்த துண்டுகள் அந்த மணிக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கவேண்டும் என்பது ஏற்பாடு. 1600 டிகிரி சென்டிகிரேட் வரை அந்தச் சிறை தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட மணிகளை இங்கிலாந்தில் வின்ஃப்ரித் என்ற ஊரில் பல தேசத்தார் சேர்ந்து நடத்திய டிராகன் என்ற சோதனை உலையில் 1964 முதல் பல வருஷம் பரீட்சை செய்தார்கள்.

இந்த மணிகளில் சுமார் 12,000-த்தைக் கிராபைட் என்ற கரியோடு பிசைந்து, ஆறு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டையாக்குகிறார்கள். டென்னிஸ் பந்தைவிடச் சற்றுச் சிறியது. ஓர் உருண்டையில் யுரேனியம் 7 கிராம். உலை என்பது இந்த உருண்டைகளைக் கொட்டி வைக்கும் ஒரு குதிர். குதிரில் நெல்லை மேலே கொட்டி, அடியிலுள்ள வாய் வழியாக எடுப்பதுபோல, உருண்டைகளை மேலே விட்டு அடியில் எடுக்கிறார்கள். எடுத்ததைச் சோதித்து, இன்னும் சத்து இருந்தால் திரும்ப மேலே விடுகிறார்கள். உருண்டைகளுக்கு நடுவிலுள்ள சந்துகளில் ஹீலியம் ஓடிச் சூட்டை வாரிக்கொண்டு போகிறது. இந்த யோசனையை ஜெர்மனியில் வளர்த்தவர் ருடால்ஃப் ஷுல்டன் என்பவர். உருண்டைக்குப் பதிலாகக் கிராபைட் கட்டைகளில் துளையிட்டு எரிபொருளை வைக்கிற ரகமும் உண்டு.

இப்பொழுது "சிறியது" என்பதன் காரணம் தெரியவேண்டும். கலியாண வீட்டில் ஓர் அண்டாச் சோறு வடித்து வைத்தால் நடுச் சோறு மாலை வரை கையைச் சுடும். அதே சோற்றை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தால் கால் மணியில் ஆறிவிடும். ஏன்? சிறிய பாத்திரத்தில் உள்ளிருக்கும் சூட்டுக்கு வெளிச்சுவர் கிட்டே இருக்கிறது. சிறிய வாயு உலையும் அப்படித்தான். உலையை ஒல்லியாகவும் உயரமாகவும் கட்டினால், கங்கின் சூடு இறைக்கும் யந்திரமில்லாமலே சுவர் வழியாக வெளியேறிவிடும். உள்ளே இருக்கும் கரியோ டன் கணக்கில் இருக்கிறது; அது உருகுவதில்லை; மெதுவாகத்தான் சூடேறும். இன்னும் ஒன்று. சூடு ஏற ஏற, யுரேனியத்தில் பெரும்பகுதியாயிருக்கும் பிளவுபடாத ரகம் நியூட்ரான்களை அதிகமாக விழுங்கிவிடுகிறது. பிளவு தானாகவே அடங்குகிறது. ஆகவே வால்வைத் திறக்க ஆள் வேண்டாம், டீசல் யந்திரம் வேண்டாம், அதிகாரி விழித்திருக்க வேண்டாம் என்பதுதான் இந்த உலைக்காரர்கள் சொல்லும் வாதம்.

வாதம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அழகான வாதத்தை எல்லோரும் சொல்லுகிறார்கள். செய்து காட்டினார்களா என்பதல்லவா கேள்வி?

தட்டிப் பார்த்தவர்கள்

செய்து காட்டியிருக்கிறார்கள். அதை மறைக்காமல் சொல்லவேண்டியது நம் கடமை.

சீனாவில் ட்சிங்ஹுவா சர்வகலாசாலையார் 2000-வது வருஷம் டிசம்பரில் 10 மெகாவாட் உஷ்ணமுள்ள ஒரு சிறு சோதனை உலையை மூட்டினார்கள். அந்த அனுபவத்தைக்கொண்டு ஷாண்டுங் மாகாணத்துக் கடற்கரையில் ஷிதாவ் விரிகுடாவில் பெரிதாக ஒன்று கட்டினார்கள். இரண்டு உலைகள், ஒவ்வொன்றும் 250 மெகாவாட் உஷ்ணம், இரண்டும் சேர்ந்து ஒரு டர்பைனைச் சுற்றி 210 மெகாவாட் மின்சாரம். ஹீலியம் 750 டிகிரியில் வெளியே வருகிறது. 2021 டிசம்பரில் மின்சாரம் கம்பிக்கு ஏறியது. 2023 டிசம்பரில் வியாபார முறையில் ஓட ஆரம்பித்தது.

அதற்கு முன், 2023 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், உலை ஒவ்வொன்றும் 200 மெகாவாட் உஷ்ணத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, வேண்டுமென்றே குளிர்விக்கும் யந்திரங்களை நிறுத்திப் பார்த்தார்கள். புகுஷிமாவில் எது நின்றதால் நாசம் வந்ததோ அதையே நிறுத்தினார்கள். கங்கின் சூடு தானாகவே வெளியேறியது. உலை தானாகவே ஆறியது. முடிவை அடுத்த வருஷம் விஞ்ஞானப் பத்திரிகையில் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். ஜப்பானில் ஓவராய் என்ற ஊரிலுள்ள 30 மெகாவாட் உஷ்ண உலையில் 2024 மார்ச்சில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். முழுச் சக்தியில் ஓடும்போது ஹீலிய ஓட்டத்தை நிறுத்தினார்கள். கட்டுப்படுத்தும் கோல்களையும் இறக்கவில்லை. உலை தானே அடங்கி நின்றது.

தோழர்களே! இதற்குத்தான் விஞ்ஞானம் என்று பேர். "எங்கள் வார்த்தையை நம்பு" என்று சொல்லாமல், "இதோ நிறுத்துகிறோம், பார்" என்கிறது. இதைக் கண்டும் பயமே பெரிது என்பவருக்கு நம்மிடம் வேறு மருந்தில்லை.

ஆனால் முழுக் கணக்கையும் பாருங்கள்

இங்கேயே பேச்சை முடித்தால் நாமும் அந்தக் கம்பெனிக்காரர் கட்சியாகிவிடுவோம். அந்தச் சோதனைகள் காட்டியது ஒன்று, காட்டாதது பல. குழாய் உடைந்து ஹீலியம் ஒழுகி, காற்றோ தண்ணீரோ உள்ளே புகுந்தால் என்ன என்பதை அவை காட்டவில்லை. இது வீண் கற்பனை அல்ல.

ஜெர்மனியில் யூலிஷ் என்ற ஊரில் 1967 முதல் 1988 வரை 15 மெகாவாட் மின்சார உலை ஒன்று ஓடியது. உருண்டை உலைகளுக்கெல்லாம் தாய் அதுதான். 1978-ல் அதன் ஆவிக் குழாய் ஒழுகி, டன் கணக்கில் தண்ணீர் உலைக்குள் புகுந்துவிட்டது. 1986-ல் சூடறியும் கம்பிகள் வைத்த விசேஷ உருண்டைகளை உள்ளே விட்டுப் பார்த்தபோது, கணக்குக் காகிதம் சொன்னதைவிட உள்ளே மிக அதிகச் சூடு இருந்தது தெரிந்தது. உலையின் உட்புறமோ கதிரியக்கத் தூசியால் கடுமையாகக் கெட்டுப்போயிருந்தது. இதையெல்லாம் ஊரறியச் சொல்ல வெகுகாலமாயிற்று. அதே ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மூர்மன் என்ற ஒருவர் 2008-ல் எழுதி வெளியிட்டார். 2014-ல் நிபுணர் குழு ஒன்றும் பழைய குறைகளை எடுத்துக் கூறியது. அந்த உலையின் ஏறக்குறைய 3 லட்சம் உருண்டைகள் 152 கலங்களில் அடைபட்டு, எங்கே கொண்டுபோவது என்ற வழக்கோடு பல வருஷம் அதே ஊரில் கிடந்தன.

அதே நாட்டில் ஹாம் நகருக்குப் பக்கத்தில் 300 மெகாவாட் உலை ஒன்று தோரியம் கலந்த உருண்டைகளோடு 1985-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. உருண்டைகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உடைந்தன. 1986 மே மாதம், செர்னோபில் விபத்துக்குச் சில நாட்களுக்குள், அதிலிருந்து கதிரியக்கத் தூசி வெளியேறியது. நடத்தியவர்கள் அதைத் தாமாக முன்வந்து சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. முழுச் சக்திக்குக் கணக்கிட்டால் 423 நாள் ஓடி, 1989-ல் மூடப்பட்டது.

அமெரிக்காவில் கொலராடோவில் ஃபோர்ட் செயின்ட் வ்ரெய்ன் என்ற 330 மெகாவாட் ஹீலிய உலை. ஹீலியத்தை ஊதும் யந்திரங்களின் பேரிங்குகளுக்குத் தண்ணீரை மசகாக வைத்தார்கள். அந்தத் தண்ணீர் அடிக்கடி உள்ளே கசிந்தது. ஓடிய நாளைவிட நின்ற நாளே அதிகம். 1989-ல் அதையும் மூடி, அதே இடத்தில் இயற்கை வாயு எரிக்கும் நிலையம் வைத்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 1999-ல் கம்பெனி ஆரம்பித்து, சுமார் 900 கோடி ராண்ட் செலவழித்து, 2010-ல் ஓர் உலைகூடக் கட்டாமல் கைவிட்டார்கள். வெற்றி பெற்றதாகச் சொன்னோமே, அந்தச் சீன நிலையமும் 2012-ல் தொடங்கி 2017-க்குள் முடியும் என்று எதிர்பார்த்தது. மின்சாரம் வந்தது 2021-ல்.

இந்தக் கதைகளில் ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். எங்கும் அணுவின் குணம் ஏமாற்றவில்லை. கெடுத்தவை என்ன? பேரிங்கு, குழாய்க் கசிவு, உடைந்த உருண்டை, தப்புக் கணக்கு, காசு, வாயைத் திறக்காத நிர்வாகம். நம் மில்லில் ஆவியின் குணமா ஏமாற்றியது? வால்வில் கட்டிய இரும்புத் துண்டு அல்லவா! இயற்கையின் விதியை நம்பலாம். அது லஞ்சம் வாங்காது. அந்த விதியைச் சுற்றிக் குழாய் போடுகிறவனையும், கணக்கெழுதுகிறவனையும், கணக்கை மூடி வைக்கிறவனையும் சோதிக்காமல் விடலாகாது.

விலை என்ன?

சும்மா கிடைக்கும் பாதுகாப்பு உலகத்தில் இல்லை. தண்ணீர் உலையில் ஒரு கன மீட்டர் இடத்தில் ஏறக்குறைய 100 மெகாவாட் உஷ்ணம் எடுக்கிறார்கள். இதிலோ 3 மெகாவாட்தான். அதனால்தான் இது தானாக ஆறுகிறது. அதனால்தான் இதற்குச் செலவும் அதிகம். அந்தச் சீன உலை ஒன்றின் கலம் சுமார் 25 மீட்டர் உயரம். கூடங்குளத்து ரக உலையின் கலம் அதில் பாதி உயரங்கூட இல்லை. ஆனால் தருகிற உஷ்ணம் பன்னிரண்டு மடங்கு. "பேர் சிறியது, சட்டி பெரியது" என்ற கதைதான் இது. ஆகவே தொழிற்சாலையில் ஒரே மாதிரியாக நூற்றுக்கணக்கில் செய்து குவித்தால் விலை இறங்கும் என்கிறார்கள். இறங்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கில் இதுவரை யாரும் செய்ததில்லை. பாதுகாப்பைச் செய்து காட்டியிருக்கிறார்கள். மலிவைச் சொல்லித்தான் காட்டியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்காதீர்கள்.

எரிந்த உருண்டையின் பாடும் அப்படியே. ஒவ்வொரு கசகசா மணியும் ஒரு சிறை என்பது உள்ளே இருக்கும்வரை நல்லது. வெளியே எடுத்தபின் அந்தச் சிறையை உடைத்து மிச்ச யுரேனியத்தை எடுப்பது கஷ்டம். கரியோடு சேர்ந்து குப்பையின் பருமனும் அதிகம். வெகுதூரம் தள்ளிய சந்ததிகள் வரை அதைக் காவல் காக்க வேண்டும்.

அப்படியானால் இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். பெரிய பிரயோஜனம் உண்டு. தண்ணீர் உலைகள் தரும் ஆவி 300 டிகிரிக்கு உட்பட்டே இருக்கிறது. அந்தச் சீன உலையிலோ ஆவி 560 டிகிரிக்கு மேல். ரசாயனத் தொழிற்சாலைகளும், எண்ணெய் சுத்தம் செய்யும் ஆலைகளும் அப்படிப்பட்ட ஆவிக்காகத்தான் இன்று நிலக்கரியும் வாயுவும் எரித்து, பூமியைச் சூடாக்கும் புகையை மேலே விடுகின்றன. காற்றாலையும் சூரியத் தகடும் மின்சாரம் தருகின்றன. இரவு பகல் ஓயாத கடுஞ்சூடு தருவது அவற்றுக்கு எளிதல்ல. ஜப்பான் உலை 2004-ல் 950 டிகிரி வரை காட்டியது. அந்தச் சூட்டால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாம் என்று முயலுகிறார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் கடற்கரையில் சீட்ரிஃப்ட் என்ற இடத்திலுள்ள டௌ ரசாயன ஆலைக்கு ஆவியும் மின்சாரமும் தர, எக்ஸ்-எனர்ஜி என்ற கம்பெனியின் 80 மெகாவாட் உலைகள் நாலு வைக்க 2025-ல் அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டார்கள். அதற்கு வேண்டிய செறிவு மிகுந்த யுரேனியத்தை வியாபாரத்துக்கு விற்று வந்தது ருஷ்யா ஒன்றே. 2022-ல் யுத்தம் வந்ததும் அமெரிக்கர் தாமே அதைச் செய்துகொள்ள ஓடவேண்டி வந்தது. அடுப்பை வாங்குமுன் விறகுக்கு எங்கே போவது என்று கேட்கவேண்டுமல்லவா?

ஆகவே தோழர்களே! நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து, "சிறிய உலை, சொர்க்கம் போல உலை" என்று படம் விரித்தால், நீங்கள் அவரை விரட்டவும் வேண்டாம், மாலை போடவும் வேண்டாம். உட்கார வைத்துச் சில கேள்விகள் கேளுங்கள். குளிர்விக்கும் யந்திரத்தை நிறுத்திச் சோதித்தீர்களா, எங்கே, எந்த வருஷம்? தண்ணீர் புகுந்தால், காற்று புகுந்தால் என்ன ஆகும், அதையும் சோதித்தீர்களா? எரிபொருள் யார் கையில் இருக்கிறது? எரிந்த உருண்டையை எந்த ஊரில், யார் செலவில் வைப்பீர்கள்? பழுது வந்தால் அன்று மாலைக்குள் ஊராருக்குச் சொல்லுவீர்களா, அல்லது முப்பது வருஷம் கழித்து ஒருவர் எழுத்தில் நாங்கள் படிக்க வேண்டுமா? பதில் சொல்லுகிறவர் முகத்தைப் பார்க்காதீர்கள். கையிலுள்ள சோதனைக் காகிதத்தைப் பாருங்கள்.

வெந்த கையோடு மில்லை விட்டுப்போன அந்தத் தோழர் பிறகு ஒருநாள் நம்மிடம் கேட்டார்: "அந்த வால்வை ஒருதரம் கழற்றிப் பார்க்க எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?" அரை மணி நேரம் என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்த அரை மணியை உலை கட்டுகிறவனிடம் கேட்டு வாங்குவது நம் கையிலிருக்கிறது. கேட்காமல் இருந்துவிட்டுப் பிறகு தலையெழுத்து என்று சொல்லாதீர்கள்.